கண்ணுக்குத் தெரியாத 5 மில்லிகிராம்

சைட்டோகலாசின் பி என்கிற பூஞ்சை நச்சோடு நான் மல்லுக்கட்டிய கதை இது. ஏழு மாதமும் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலேயும் போயிற்று. அதைவிடப் பெரிதாக ஒன்றும் போயிற்று, அதைக் கடைசியில் சொல்கிறேன். முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்த தலைப்பு, திருச்சியில் பெட்ரோல் பங்க்குகளில் வேலை செய்கிறவர்களின் ரத்தச் செல்களில் மரபணுச் சேதம் எவ்வளவு இருக்கிறது என்பது. பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. நம் நாட்டில் இன்று அது ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரையறை உண்டு. ஆனாலும் அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதி செய்யப்பட்ட பொருள், பங்க்கில் நிற்பவர் நாளெல்லாம் அதைத்தான் முகர்கிறார். சைட்டோகலாசின் பி போட்டு அந்தச் சேதத்தை அளக்கும் சோதனையை எங்கள் துறையில் அதுவரை ஒருவரும் செய்ததில்லை. என் கைடு குரோமோசோம் ஸ்லைடு போடுவதில் கில்லாடி, ஆனால் இதில் அவருக்கும் எனக்கும் தெரிந்தது ஒரே அளவுதான். ஆய்வுக் கட்டுரைகளில் "சைட்டோகலாசின் பி சேர்க்கப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் எத்தனை குழி இருக்கிறது என்பதை ஒவ்வொன்றிலும் விழுந்துதான் தெரிந்துகொண்டேன்.

முதலில் இந்த நச்சு என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் செய்த தப்புகள் புரியாது. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. முதலில் உட்கரு இரண்டாகிறது. அது டியூபுலின் என்ற புரத இழைகளின் பொறுப்பு. பிறகு செல்லின் இடுப்பைச் சுற்றி ஆக்டின் என்ற வேறொரு புரத இழை வளையமாகக் கட்டி இறுக்குகிறது. பாட்டிமார் இடுப்பில் செருகியிருப்பார்களே சுருக்குப்பை, அதன் கயிற்றை இழுப்பது மாதிரி. கயிறு இறுகி முடிந்ததும் செல் இரண்டு துண்டு. சைட்டோகலாசின் இந்த ஆக்டின் இழையின் வளரும் முனையில் போய் மூடி போட்டதுபோல உட்கார்ந்துகொள்ளும். இழை அதற்கு மேல் நீளாது, சுருக்குக் கயிறு உருவாகாது. டியூபுலினை அது தொடுவதில்லை, அதனால் உட்கரு மட்டும் ஒழுங்காகப் பிரிந்து, ஒரே பைக்குள் இரண்டு உட்கருவாக நிற்கும். மருந்தைக் கழுவிவிட்டால் செல்லில் ஆக்டின் மறுபடி கட்டிக்கொள்ளும், பழைய வடிவத்துக்குத் திரும்பும். இங்கிலாந்தில் ஹெல்மின்தோஸ்போரியம் டெமாட்டியாய்டியம் என்ற பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த இந்தப் பொருள் பாலூட்டிகளின் செல்லை என்ன செய்கிறது என்று எஸ்.பி. கார்ட்டர் 1967-இல் நேச்சர் இதழில் எழுதினார். கிரேக்கத்தில் செல் என்பதற்கும் தளர்வு என்பதற்கும் உள்ள சொற்களைச் சேர்த்துத்தான் பெயரே வைத்தார்கள். 1985-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் ஃபெனெக், அலெக் மோர்லி என்ற இருவர் இதை ஒரு அளவுகோலாக மாற்றினார்கள். மரபணுச் சேதம் இருந்தால், செல் பிரியும்போது உடைந்த குரோமோசோம் துண்டு பின்தங்கிப்போய் ஒரு குட்டி உருண்டையாகத் தனியே நிற்கும். அதுதான் நுண்கரு. ஆனால் ஒருமுறை பிரிந்த செல்லில்தான் அது தெரியும். ரத்தத்திலிருந்து எடுத்து வளர்த்த செல்களில் எது பிரிந்தது, எது பிரியாமலே கிடந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சைட்டோகலாசினைப் போட்டால் பிரிந்ததெல்லாம் இரட்டை உட்கருவோடு நிற்கும். அப்படிப்பட்ட ஆயிரம் செல்லை மட்டும் பொறுக்கி, அவற்றில் எத்தனை நுண்கரு என்று எண்ணினால் போதும். இவ்வளவு எளிய ஒரு யோசனை எப்படி முன்பே யாருக்கும் வரவில்லை என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

சரி, வாங்கிய கதைக்கு வருகிறேன். 5 மில்லிகிராம், வரியெல்லாம் சேர்த்து 46,000 ரூபாய். பணத்தைக் கட்டி ஏழு வாரம் காத்திருந்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. சுண்டுவிரல் உயரத்தில் ஒரு குப்பி. திறந்து பார்த்தேன், உள்ளே ஒன்றுமே இல்லை. நிஜமாகவே ஒன்றும் இல்லை. வயிறு கலங்கிவிட்டது. உடனே சென்னை டீலருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் பத்து வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர் போலிருக்கிறது, அலட்டிக்கொள்ளாமல், "மேடம், காலி குப்பியை யாராச்சும் அனுப்புவாங்களா? லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. ஓரத்துலயும் மூடியிலயும் படலமா ஒட்டியிருக்கும்" என்றார். இருந்தது. கண்ணாடிச் சுவரில் மூச்சு பட்ட மாதிரி ஒரு வெள்ளை மங்கல். 46,000 ரூபாய் அந்த மங்கல்தான். அதற்குள் நான் மூடியைத் திறந்தாயிற்று, கவிழ்த்துத் தட்டியாயிற்று. அதோடு விட்டேனா? சரியாக 5 மில்லிகிராம் இருக்கிறதா என்று பார்க்க பட்டர் பேப்பரில் கொட்டி எடை போடப் போனேன். கையுறை, பேப்பர், ஏசி காற்று எல்லாம் சேர்ந்து, அந்த லேசான தூள் மின்னூட்டம் பிடித்துப் பறந்து பேப்பரின் ஓரம், தராசின் கண்ணாடி என்று எங்கெங்கோ ஒட்டிக்கொண்டது.

இந்த மாதிரிப் பொருளை யாரும் எடை போடாதீர்கள். குப்பியில் எழுதியிருக்கும் அளவை நம்பி, குப்பிக்குள்ளேயே கரைக்க வேண்டும். தூள் தண்ணீரில் கரையாது, டிஎம்எஸ்ஓ என்கிற கரைப்பானில் நன்றாகக் கரையும். மூடி ரப்பராக இருந்தால் அதைத் திறக்கவே வேண்டாம். மேலே ஆல்கஹால் தடவி, காற்று போவதற்கு ஒரு ஊசி குத்திவைத்து, இன்னொரு ஊசி வழியாக டிஎம்எஸ்ஓவை உள்ளே விடலாம். திருகுமூடி என்றால் குப்பியை நிமிர்த்திவைத்து மெதுவாகத் தட்டி, முடிந்தால் சிறிய சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்று சுற்றித் தூளைக் கீழே இறக்கிவிட்டுத் திறக்கலாம். கரைத்த பிறகு மூடியின் உட்புறமும் நனைகிற மாதிரி குப்பியைச் சாய்த்து உருட்ட வேண்டும். ஒரு தாளில் எழுதினால் நாலு வரி வராது. அந்த நாலு வரி தெரியாததால் என்னுடைய 5 மில்லிகிராம் உண்மையில் நாலா மூன்றா என்றே கடைசிவரை தெரியவில்லை.

தூள் பறந்த பிறகுதான் லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். மண்டையோட்டுக் குறி. விழுங்கினாலும், தோலில் பட்டாலும், மூச்சில் போனாலும் உயிருக்கு ஆபத்து என்று எழுதியிருந்தது. இந்தக் குடும்பத்து நச்சுகள் கருவில் இருக்கும் குஞ்சுகளையும் எலிக்குட்டிகளையும் ஊனமாக்கும் என்று விலங்குச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். எங்கள் லேபில் அப்போது சீனியர் அக்கா ஒருவர் ஆறு மாதக் கர்ப்பம். நான் எடை போட்ட மேஜைக்கு இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்து தீசிஸ் எழுதிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் சொல்லவில்லை. ஈரத் துணியால் மேஜையைத் துடைத்தேன், தராசைத் துடைத்தேன், துணியை இரண்டு கவருக்குள் போட்டுக் கட்டினேன், வாயைத் திறக்கவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த வெள்ளை மங்கல்தான். திங்கட்கிழமை அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே போய் அழுதுகொண்டே சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார். "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் எந்திரிச்சு வெளிய போயிருப்பேன்ல?" என்று மட்டும் கேட்டார். அதைவிட அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது, நன்றாக இருக்கிறாள். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

நச்சுத் தூளைத் திறக்கும் நாளைக்கு லேபில் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், குழந்தைக்கு முயல்பவர்கள் அன்றைக்கு அந்த அறைக்கே வர வேண்டாம். புகையை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டுக்குள் (ஃப்யூம் ஹுட்) வைத்துத் திறங்கள், விசிறியும் ஏசியும் முகத்துக்கு நேராக வேண்டாம். இன்னொன்று, தூளைவிடக் கரைசல் பாதுகாப்பானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டிஎம்எஸ்ஓ தோலுக்குள் சுலபமாக இறங்கும், தன்னில் கரைந்திருப்பதையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். மெல்லிய கையுறை அதை ரொம்ப நேரம் தாங்காது. நைட்ரைல் கையுறை இரண்டு அடுக்காகப் போட்டு, ஒரு துளி பட்டாலும் உடனே மேலுறையைக் கழற்றிப் போட வேண்டும். பைப்பட் முனைகளையும் மிச்சக் கரைசலையும் தொட்டியில் கொட்டாமல் தனிப் பாட்டிலில் சேர்த்து, எரிக்க அனுப்பும் கழிவோடு அனுப்ப வேண்டும். எங்கள் லேபில் அப்படி ஒரு பாட்டிலே இல்லை. நான்தான் ஹார்லிக்ஸ் பாட்டிலில் சிவப்பு மார்க்கரால் எழுதி ஒன்றை ஆரம்பித்தேன். அது இன்னும் அங்கே இருக்கிறதாம்.

கரைத்து வைத்ததில் அடுத்த கோளாறு. 2.5 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓவில் கரைத்தேன், மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கு. ரத்தம் வளர்க்கும் ஒவ்வொரு குழாயிலும் 5 மில்லிலிட்டர் திரவம், அதில் 15 மைக்ரோலிட்டர் விட்டால் மில்லிலிட்டருக்கு 6 மைக்ரோகிராம் வரும். பொதுவாக 3 முதல் 6 வரைதான் போடுகிறார்கள், முழு ரத்தமாக வளர்த்தால் 6. கணக்கு சரிதான். ஆனால் 2.5 மில்லியையும் ஒரே குழாயில் ஊற்றி, மைனஸ் 20 ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். தேவைப்படும்போது எடுத்து, கையில் பிடித்து உருக்கி, 15 மைக்ரோலிட்டர் எடுத்துவிட்டுத் திரும்ப உள்ளே. டிஎம்எஸ்ஓவைப் பற்றி ஒரு விஷயம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அது 18.5 டிகிரியிலேயே உறைந்துவிடும். தண்ணீரைப் போல பூஜ்யத்துக்குப் போக வேண்டியதில்லை. செல் வளர்க்கும் எங்கள் கல்ச்சர் அறையின் ஏசி எப்போதும் 18-இல் ஓடும். ஆக, நான் உருகிவிட்டது என்று நினைத்ததெல்லாம் பாதிதான் உருகியிருக்கும், நடுவில் ஒரு கட்டி கண்ணாடி மாதிரி நின்றிருக்கும், எனக்குத் தெரிந்திருக்காது. உறையும்போது கரைப்பான் தனியாகப் படிகமாகி, கரைந்த பொருளை வெளியே தள்ளும். திரும்ப உருகும்போது முதலில் இளகுவது அந்த நச்சு அடர்ந்த பகுதிதான். மேலாக உறிஞ்சினால் முதல் சில பேருக்கு அதிகம், போகப் போக மற்றவர்களுக்குக் குறைவு. கல்யாணப் பந்தியில் பாயசத்தைக் கலக்காமல் பரிமாறினால் முந்திரி முதல் வரிசைக்கே போய்விடுமே, அந்தக் கதைதான்.

இப்போது நான் செய்வது வேறு. கரைத்த அன்றைக்கே 100 மைக்ரோலிட்டராக 25 குட்டிக் குழாய்களில் பிரித்துவிடுகிறேன். ஒரு குழாய் ஒருநாள் வேலை, ஆறு கல்ச்சர், மூன்று பேர். மிச்சத்தைத் திரும்ப ஃப்ரீசரில் வைப்பதே இல்லை. எடுத்த குழாயை 37 டிகிரி இன்குபேட்டருக்குள் பத்து நிமிஷம் வைத்து, வெளிச்சத்தில் பார்த்து, சுழற்றிக் கலக்கிய பிறகுதான் பைப்பட்டைத் தொடுகிறேன். கல்ச்சருக்குள் விடும்போதும் துளியை அடியில் இறக்கிவிட்டு நகராமல் உடனே குழாயைக் கவிழ்த்துக் கலக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் கரையாத அந்த நச்சு அங்கேயே தனியாகப் பிரிந்து வந்துவிடும்.

அடுத்தது நேரம். இதில் நான் ஏமாந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது. ரத்தத்தில் இருக்கும் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் சும்மா கிடப்பவை. பிஎச்ஏ என்ற பொருளைப் போட்டால்தான் பிரிய ஆரம்பிக்கும். போட்டு ஏறக்குறைய 44 மணி நேரத்தில் முதல் பிரிவு தொடங்கும், சைட்டோகலாசினை அப்போது சேர்க்க வேண்டும், 72-ஆம் மணியில் எடுக்க வேண்டும். நான் காலை 10 மணிக்கு ஆரம்பித்தேன். இரண்டு நாள் கழித்து 44-ஆம் மணி எப்போது வரும்? காலை 6 மணிக்கு. லேப் திறப்பது 9-க்கு, சாவி வைத்திருப்பவர் லால்குடியிலிருந்து ரயிலில் வர வேண்டும். ஆக நான் சேர்த்ததெல்லாம் 47, 48-ஆம் மணியில். அந்த மூன்று நாலு மணி நேரத்தில் பிரிந்த செல்கள் எல்லாம் தப்பித்துத் தனித்தனியாகப் போய்விட்டன. மதியம் 2 மணிக்கு ஆரம்பியுங்கள். மறுநாளுக்கு மறுநாள் காலை 10 மணிக்குச் சேர்க்கலாம், அதற்கடுத்த நாள் 2 மணிக்கு அறுவடை. வாரத்தில் திங்கள், செவ்வாய் மட்டும் ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமை சாவி தேடி அலைய வேண்டாம். எந்த ஆய்விதழும் இதை உங்களுக்குச் சொல்லாது.

சின்னச் சின்னதாக இன்னும் விழுந்தேன். முதல் முகாமில் நர்ஸ் அக்கா ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்துவிட்டார், அதில் இருக்கும் ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், செல் பிரியவே பிரியாது. பச்சை மூடி, ஹெப்பாரின், அதுதான் வேண்டும். குரோமோசோம் ஸ்லைடுக்குச் செய்வது போல உப்புக் கரைசலில் இருபது நிமிஷம் ஊறவைத்தேன், பை எல்லாம் வெடித்து உட்கருக்கள் மட்டும் சிதறிக் கிடந்தன, எது யாருடைய ஜோடி என்றே தெரியவில்லை. இந்தச் சோதனையில் குளிர்ந்த கரைசல், கொஞ்ச நேரம், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் பிறகு முடிவு வந்தது. பிரமாதமாக வந்தது, அதுதான் சோகம். ஒப்பீட்டுக்காக எடுத்த பங்க்கில் வேலை செய்யாத 30 பேரிடம் ஆயிரம் இரட்டை உட்கருச் செல்லுக்குச் சராசரி 4 நுண்கரு. பங்க் ஊழியர்கள் 32 பேரிடம் 12. மூன்று மடங்கு! ராத்திரி ஹாஸ்டல் மொட்டைமாடியில் நின்று அம்மாவுக்குப் போன் பண்ணி, "கண்டுபிடிச்சுட்டேம்மா" என்றேன். அம்மா, "சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டாள். ஆய்வுக் குழுக் கூட்டத்தில் படம் படமாகக் காட்டினேன். வெளியிலிருந்து வந்திருந்த வயதான பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உங்க உட்கருப் பிரிவுக் குறியீடு ரெண்டு குழுவுக்கும் எவ்வளவும்மா?" என்று கேட்டார். நான் அதைக் கணக்கே போடவில்லை. ஸ்லைடு எல்லாம் கைவசம் இருந்ததால் அடுத்த வாரம் போட்டுப் பார்த்தேன். 500 செல்லை எடுத்து, ஒற்றை உட்கரு உள்ளதை ஒன்றாலும், இரட்டையை இரண்டாலும், மூன்றை மூன்றாலும், நாலை நாலாலும் பெருக்கிக் கூட்டி 500-ஆல் வகுக்க வேண்டும். ஒரு செல்கூடப் பிரியவில்லை என்றால் 1 வரும், எல்லாம் ஒருமுறை பிரிந்து நின்றால் 2. ஒப்பீட்டுக் குழுவுக்கு 1.2 வந்தது. ஊழியர்களுக்கு 1.8.

பென்சீனை முகர்ந்தவர்களின் செல்கள் முகராதவர்களைவிடச் சுறுசுறுப்பாகப் பிரிகின்றனவா? அப்படி இருக்க முடியாது. நாட்குறிப்பை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒப்பீட்டுக் குழுவின் ரத்தம் எல்லாம் ஜனவரி, பிப்ரவரியில், காலை 10 மணிக்கு, ஏசி 18-இல் ஓடும்போது எடுத்தது. ஊழியர்களுடையது மே மாதம். அவர்களுக்கு ஷிப்ட் 2 மணிக்குத்தான் முடியும், அதனால் கல்ச்சர் ஆரம்பிக்கவே மூன்றரை ஆகிவிடும், 44-ஆம் மணி தானாகவே லேப் திறந்திருக்கும் நேரத்தில் விழுந்துவிட்டது. மே மாதம் ஏசி வேறு ரிப்பேர். அறை முப்பத்திரண்டு டிகிரியில் கொதித்தது, டிஎம்எஸ்ஓ ஒழுங்காக உருகியது. நான் வியர்வை வழிய வேலை செய்த மாதம்தான் ஒழுங்கான வேலை நடந்த மாதம். ஆக நான் அளந்தது பென்சீனை மட்டும் இல்லை, எங்கள் ஏசியையும் லால்குடி ரயிலையும் சேர்த்து அளந்திருக்கிறேன். போதாததற்கு ஒப்பீட்டுக் குழுவில் பாதிப்பேர் எங்கள் மாணவர்கள், இருபத்திரண்டு வயது. ஊழியர்களின் சராசரி வயது நாற்பதைத் தொடும். வயது ஏற ஏற நுண்கரு கூடும், ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக இருக்கும் என்பது பழைய சங்கதி. படித்திருந்தேன், மறந்திருந்தேன்.

நிச்சயப்படுத்திக்கொள்ள என் ரத்தத்தையே எடுத்தேன். பழைய குழாயில் மிச்சமிருந்ததையும், பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கெஞ்சி வாங்கிய புதுக் கரைசலையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்தேன். கூடவே வெறும் டிஎம்எஸ்ஓ ஒன்று. புதியதில் நூற்றுக்கு 45 செல் இரட்டை உட்கருவோடு நின்றன. பழையதில் 19. இந்தச் சோதனையை முதல் வாரமே செய்திருக்க வேண்டும். ஒரு பாட்டில் திறந்தவுடன் சொந்த ரத்தத்தில் 3, 4.5, 6 என்று மூன்று அளவில் போட்டு, எதில் இரட்டை உட்கரு அதிகம் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வெளியாள் ரத்தத்தைத் தொட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு நாளும் இரண்டு குழுவிலிருந்தும் ஆட்களைக் கலந்து எடுக்க வேண்டும், ஸ்லைடில் பெயரில்லாமல் எண் மட்டும் ஒட்டி, எந்த எண் யாருடையது என்ற பட்டியலை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். நான் எண்ணும்போது எது யாருடைய ஸ்லைடு என்று எனக்குத் தெரிந்திருந்தது. சந்தேகத்துக்கிடமான உருண்டையை ஊழியரிடம் பார்த்தால் நுண்கரு என்றும், மாணவரிடம் பார்த்தால் சாயத் துணுக்கு என்றும் என் கண்ணே முடிவு கட்டியிருக்கும்.

நடுவே ஒரு கிளைக்கதை. பக்கத்து லேப் தம்பி ஒருவன், தசைச் செல் குளுக்கோஸை உள்ளே இழுப்பதில் ஆக்டினுக்குப் பங்கு உண்டா என்று பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, உங்க சைட்டோகலாசின்ல கொஞ்சம் குடுங்க" என்று வாங்கிப் போய்ப் போட்டான். குளுக்கோஸ் உறிஞ்சுவது சடாரென்று விழுந்தது. துள்ளிக் குதித்தான். ஆனால் சைட்டோகலாசின் பி ஆக்டினை மட்டும் பிடிப்பதில்லை, குளுக்கோஸை உள்ளே கொண்டுபோகும் புரதத்திலேயே நேராகப் போய் ஒட்டி வாயை அடைத்துவிடும். ஆக்டின் கேள்விக்கு அதன் சகோதரி சைட்டோகலாசின் டி வேண்டும், அது குளுக்கோஸ் வாசலில் கை வைக்காது. பெயரின் கடைசி எழுத்துதான் வித்தியாசம். அவனுக்கு நல்லவேளை மூன்று வாரத்தோடு போயிற்று.

என் கணக்கு இப்படி: முதல் குப்பி 46,000, மறுபடி வாங்கியதும் அதே விலை. சீரம், பிஎச்ஏ, குழாய்கள், நர்ஸ் அக்காவுக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்து முதல் சுற்றில் வீணானது ஒரு லட்சத்துச் சொச்சம். உதவித்தொகை நிற்பதற்கு முன் முடிக்க வேண்டியது தள்ளிப்போய், கடைசி ஐந்து மாதம் டியூஷன் எடுத்துச் சமாளித்தேன். அந்த நாட்களில் லேபுக்குப் போகும்போது படிக்கட்டிலேயே நின்றுவிடுவேன், மேலே ஏறத் தோன்றாது. கைடு திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. நெறிமுறைக் குழுவிடம் மறுபடி ரத்தம் எடுக்க அனுமதி கேட்டு, காரணம் என்ற கட்டத்தில் "ஆய்வாளரின் பிழை" என்று எழுதிக் கொடுத்தேன். கைடு அதைப் படித்துவிட்டு ஒன்றும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் பங்க்குக்குப் போக வேண்டும். முதலில் சொன்னேனே, பெரிதாகப் போன ஒன்று என்று, அது இதுதான். முதல் தடவை இவர்களிடம் ஒப்புதல் வாங்க ஒரு மாதம் ஆனது. ஊசி என்றாலே பயப்படுகிறவர்கள், ரத்தத்தை விற்றுவிடுவேனோ என்று சந்தேகப்பட்டவர்கள், முதலாளி என்ன சொல்வாரோ என்று தயங்கியவர்கள், ஒவ்வொருவரிடமும் டீ குடித்து, கதை பேசி வாங்கிய சம்மதம். இப்போது திரும்பப் போய், தப்பு பண்ணிவிட்டேன், இன்னொரு தரம் கையை நீட்டுங்கள் என்று கேட்க வேண்டும். பதினோரு வருடமாக அங்கே வேலை பார்க்கும் ஒரு அக்கா, ஒரு பைக்குக்கு நூறு ரூபாய்க்குப் போட்டு முடித்துவிட்டுத் திரும்பினார். "ஏம்மா, போன தடவை எடுத்த ரத்தத்தை என்ன பண்ணே, கீழ கொட்டிட்டியா?"

"கொட்டலக்கா. மருந்து அளவுல தப்புப் பண்ணிட்டேன்."

"உன் தப்புக்கு என் கையில குத்துவியா?"

பதில் சொல்ல முடியவில்லை. உங்களுடைய ரத்தத்தில் தப்பு நடக்கவில்லை, ஒப்பீட்டுக்கு எடுத்தவர்களிடம்தான் நடந்தது, ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரே சமயத்தில் எடுத்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்று அவர் பெட்ரோல் போடப் போடப் பின்னாலேயே நடந்து சொன்னேன். புரிந்ததோ இல்லையோ, மூன்றாவது வண்டி போன பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே, "சாப்பாட்டு நேரத்துல வா" என்றார். 32 பேரில் 23 பேர் திரும்பக் கொடுத்தார்கள். ஐந்து பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். நாலு பேர் முடியாது என்றார்கள், அதில் ஒருவர் என்னைப் பார்த்ததும் டயருக்குக் காற்று அடிக்கிற பக்கம் போய் நின்றுகொண்டார். நான் அவரிடம் போகவில்லை.

இந்தத் தடவை ஒப்பீட்டுக்கு அதே வயதில் ஜவுளிக் கடை, மளிகைக் கடை ஊழியர்களைச் சேர்த்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மதியம் 2 மணி, ஒரு கடைக்காரர், இரண்டு பங்க்காரர் அல்லது மாற்றி. குறியீடு இரண்டு பக்கமும் 1.7-ஐ ஒட்டியே வந்தது. பட்டியலை வாங்கி எண்களைப் பிரித்துப் பார்த்தால் கடைக்காரர்களுக்கு ஆயிரத்துக்கு 8, பங்க் ஊழியர்களுக்கு 11. வித்தியாசம் இருந்தது. மொட்டைமாடியில் நின்று கத்துகிற அளவுக்கு இல்லை. கட்டுரையில் இரண்டாம் சுற்றை மட்டும் போட்டு, முதல் சுற்று ஏன் கைவிடப்பட்டது என்று ஒரு பத்தி எழுதினேன். அந்த அக்காவிடம் போய்ச் சொன்னபோது, "எட்டு, பதினொண்ணுன்னா என்ன அர்த்தம், எனக்கு ஏதும் வந்துடுமா?" என்று கேட்டார். இது ஒரு ஆளுக்குச் சொல்கிற சோதனை இல்லை, கூட்டத்துக்குச் சொல்கிறது, காற்று வாட்டம் பார்த்து நிற்கணும், மாஸ்க் கேட்டு வாங்கணும், கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "மாஸ்க்கு நாங்களும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிட்டார்.